கடல் பார்க்காத ஊரில் அந்திரோமெடா

மாதத்துக்கு ஒருமுறை
பிரபுவின் படுக்கையறைப் பச்சைத் திரையைத்
துவைக்க எடுக்கிறேன்.
ஓரத்தில் எப்போதும் ஒயின் கறை.
மண்டியிட்டு அதைத் தேடும்போது
திரைக்குப் பின்னால் முதலில் தெரிவது ஒரு கால்.

என் கால்.

சுண்டுவிரல் வெளிப்பக்கம் ஓடியிருக்கும்,
பதினாறு வயதில் சலவைத் தொட்டி விழுந்ததில்.
எல்லாவற்றையும் திருத்திய ஓவியர் லீவன்
இதை மட்டும் விட்டுவிட்டார்.
அவசரமா, அன்று வெளிச்சம் போய்விட்டதா,
கேட்கவில்லை.

கணுக்காலுக்கு மேலே நான் இல்லை.
இருக்கிறேன், இழுத்துவிட்ட மாவு போல.
இடுப்பு ஒரு பக்கம் போக
மார்பு மறுபக்கம் போக
முகம் மூன்றாவது திசையில்
யாரோ கூப்பிட்ட மாதிரி.
ஈரப் போர்வையை இருவர் நின்று பிழிவோமே,
அந்த முறுக்கு.
உயிரோடிருக்கும் யாரும் இப்படி நிற்க முடியாது என்றேன்.
நிற்க முடிந்தால் நான் எதற்கு வரையவேண்டும் என்றார்.

பதினொரு நாள் நின்றேன்.
தை மாதக் குளிர். அடுப்பு அவர் பக்கம்.
சங்கிலிக்குப் பதில் சீமாட்டியின் பழைய ரிப்பன்.
நாளுக்கு மூன்று காசு, ஒரு கிண்ணம் பியர்க் கஞ்சி.

கதையைக் கேட்டேன். சொன்னார்:
வெயில் நாட்டில் ஓர் அரசி
தன் மகளின் அழகைப் பீற்றிக்கொண்டாள்,
கடலுக்குக் கோபம்,
மகளைப் பாறையில் கட்டினார்கள்.

என் அம்மா என்னைப் பற்றி
ஒருநாளும் பீற்றிக்கொண்டதில்லை.

கடலை நான் பார்த்ததில்லை.
பொஹீமியாவில் யார்தான் பார்த்தார்கள்?
ஆண்ட்வெர்ப்காரர் அவர், பார்த்திருக்கிறார்.
எப்படி இருக்கும்?
உன் தொட்டி மாதிரிதான், யோஹாங்கா,
காரத் தண்ணீர், விளிம்பு மட்டும் கிடையாது.

கடற்பூதத்துக்கு
வல்தாவா ஆற்றில் பிடித்த ஆள் நீளக் கெளுத்தி,
மீசையும் அதுவுமாக.
ஜன்னல் பனியில் மூன்று நாள் கிடந்தது.
நான்காம் நாள் வெள்ளிக்கிழமை.
சமையல்கார ப்ரோகோப் வந்து தூக்கிக்கொண்டு போனான்.
வயிறு இன்னும் பாக்கி, வயிறு பாக்கி என்று
ஓவியர் படிவரைக்கும் ஓடினார்.
கறுப்புக் குழம்பில், உலர்ந்த பிளம்பழம் போட்டு,
எனக்கு வாலருகே ஒரு துண்டு.
படத்தில் பூதத்தின் வயிறு முழுக்கப் பொன் செதில்,
எல்லாம் பொய்.
அதைக் கொன்றவர்கள் நாங்கள்,
வீரன் வந்து சேருவதற்குள் தின்றும் முடித்துவிட்டோம்.

கைகள் என்னுடையவை அல்ல.
என் கையில் காரம் அறுத்த வெடிப்பு.
இவை மெழுகுவர்த்திகள்.
முகம் சீமாட்டி சிபில்லாவுடையது.
மடியில் நாய்க்குட்டியோடு அரை மணி நேரம் உட்கார்ந்தாள்.
என் தோளில் அவள் தலை;
ஒட்டுப்போட்ட இடம் தெரியாமலிருக்கத்தான்
கழுத்து அத்தனை நீளம்.
ஒட்டுப்போடுகிறவளுக்குத் தெரியாதா?
விருந்தாளிகள் அன்னம் என்கிறார்கள்.

பெர்சியஸ் மேல் மூலையில், உள்ளங்கை அளவு.
தலைகீழாகப் பாய்கிறான்.
குதிரை லாயத்து ஒந்த்ரே அவன்.
சேணப் பட்டையில் உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார்கள்,
கணுக்காலில் வாத்துச் சிறகு கட்டி.
இரண்டாம் நாள் வாந்தி எடுத்தான்.
ஒன்பதாம் நாள்,
ஓவியர் வண்ணம் குழைக்கத் திரும்பியபோது
அந்தரத்திலிருந்து எனக்குக் கண்ணடித்தான்.

மறு வசந்தத்தில் துருக்கியரோடு சண்டை என்று
கூட்டிப்போனார்கள்.
நான்கு வருடம் ஆகிறது.
படத்தில் இன்னும் வந்துகொண்டிருக்கிறான்.

கீழிருந்து பார்த்தால் அவன் முகம் ஒரு சிவப்புப் பொட்டு.
அருகில் பார்க்க ஏணி வேண்டும்.
திரையின் கொக்கிகளைக் கழற்றவும் ஏணி வேண்டும்.
துவைத்த திரையைத் திரும்ப மாட்டும்வரை
ஏணி அங்கேயே நிற்கும்.

இந்தக் குளிரில் அந்தத் துணி காய
இரண்டு நாள் ஆகும்.
மூன்று என்று சொல்லிவைத்திருக்கிறேன்.