ஆல்பேட்டை சோதனைச் சாவடி

பின்கதவைத் திற என்கிறார் ஏட்டம்மா.
நாலு பக்கமும் தகரம் அடைத்த குட்டியானை
பாண்டியிலிருந்து ராத்திரி ஒன்பதரைக்கு வந்தால்
உள்ளே குவார்ட்டர் பாட்டிலைத் தவிர
வேறென்ன இருந்துவிடப் போகிறது?

திறக்கிறேன்.
டார்ச் வெளிச்சம் ஏறி நிற்கிறது.

பிளைவுட் சுவரில் ஒவ்வொரு சாமானுக்கும்
சிவப்புப் பெயிண்டில் அதனதன் உருவம்.
உருவத்தின் மேல் ஆணி, ஆணியில் சாமான்:
பைப் ரிஞ்சு, ரசமட்டம், கரண்டி,
மூக்கு உடைந்த சுத்தி.
எந்த வீட்டிலாவது ஒன்றை மறந்துவிட்டு வந்தால்
சுவரே சொல்லிவிடும்.

தின்னர் கேனை முகர்ந்து முகம் சுளிக்கிறார்.
"இதென்ன, வெறும் கோடு?"

டிரில்லிங் மெஷின் மேடம்.

"எங்க?"

தவசீலன் எடுத்துப் போனான்.
ஆறு வருஷம் பக்கத்து சீட்டில் வந்தவன்.
இப்போது அரியாங்குப்பத்தில்
என் ரேட்டைவிட நூறு ரூபாய் குறைத்து
தனியாக வேலை பிடிக்கிறான்.

"கம்ப்ளெய்ன்ட் குடுத்தியா?"

இல்லை மேடம்.

புதுசு வாங்கியாகிவிட்டது என்று சொல்லவில்லை.
அது அந்தக் கோட்டுக்குள் அடங்கவில்லை, நீளம்.
சீட்டுக்கு அடியில் சாக்கில் கிடக்கிறது.
கோட்டை மறைக்க வெள்ளைப் பெயிண்டும்
முக்கால் லிட்டர் இருக்கிறது,
மூன்று மாதமாக.

பின்னால் விழுப்புரம் பஸ் ஹாரன் அடிக்கிறது.
தாழ் போடும்போது அவர் குரல் இறங்குகிறது:
"குவார்ட்டர்ஸ்ல பாத்ரூம் சுவரு ஓதம்ப்பா.
பெயிண்ட் அடிச்சா உரிஞ்சிடுது."

செவ்வாய்க்கிழமை வரேன் மேடம்.
சுவத்துல ஓட்டை போட்டு மருந்து ஏத்தணும்.

"எதை வெச்சுப் போடுவ?
அதான் காணோமே" என்கிறார்,
சிரிக்காமல்.