எடைக்கு வாங்கியது

ரிச்சி தெருவில் கிலோ கணக்கில்தான் கொடுத்தார் இஸ்மத் பாய்.
பாஸ்வேர்டு என்றேன்.
"அதுக்கு ஏது தம்பி எடை"
என்று தராசைத் துடைத்தார்.

அயனாவரம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.
தண்ணீர் கேன் போடும் பையன்
பாதிப் படியில் மானிட்டருக்குக் கை கொடுத்தான்.
"டிவியாண்ணா?"
ஆமாம் என்றேன், விளக்க மூச்சில்லை.

ராத்திரி பத்தரைக்குத் திரை வெளுத்தது.
யார் என்றது. ரூட் என்றேன்.
நம்பவில்லை.
ஆபீஸ்காரர்கள் வைக்கக்கூடிய
சாமி பெயர், ஊர் பெயர், கம்பெனி பெயர்
எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று.

பிறகு ஸ்டாப்பையும் ஏ-யையும் சேர்த்து அழுத்தினேன்,
பேசுகிறவர் கையைப் பிடிக்கிற மாதிரி.
ஓடியதெல்லாம் நின்று
ஓகே என்றது.
வேறொன்றும் சொல்லவில்லை.

சிடியிலிருந்து எழுப்பி,
அதன் வட்டை ஓரமாய்ப் பொருத்தி,
நிழல் என்று பெயர் வைத்த கோப்பைத் திறந்தேன்.
முதல் வரி, இரண்டு முக்காற்புள்ளிகளுக்கு நடுவே
பதின்மூன்று எழுத்து, உளறல்.
எக்ஸ் விசை, பதின்மூன்று தட்டு.
புள்ளிகள் ஒட்டிக்கொண்டன.

இந்த முறை கேட்கவே இல்லை,
விட்டுவிட்டது.

பேட்டரி செத்துப்போனதில்
அதற்கு இன்று
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று,
காலை ஐந்தரை, வியாழக்கிழமை.
எனக்குச் சனி இரவு, பதினொன்று.

உள்ளே ஒரே ஒரு ஆள்: ஷெண்பக.
எட்டெழுத்துக்கு மேல் இடமில்லாமல்
வால் போன பெயர்.
வல்லியோ, லட்சுமியோ.
அவள் கடிதங்கள் ஒரு கட்டளை தூரத்தில் இருந்தன.
ரூட்டுக்குப் பூட்டு இல்லை.
அவள் வரியில் இருந்த பதின்மூன்றை
எண்ணிப் பார்த்ததோடு சரி.
இயந்திரத்தை அணைக்காமல் தூங்கிவிட்டேன்.

ஞாயிறு பதினொன்று பத்துக்கு ஒரு பீப்.
அதன் கணக்கில் மாலை ஐந்து நாற்பது.
திங்கள் முதல் வெள்ளி வரை
சொல்லச் சொல்லி அவள் எழுதி வைத்தது
ஆங்கில எழுத்தில் தமிழாய் வந்து நின்றது:

கெளம்பு. க்ரெஷ் ஆறு மணிக்குப் பூட்டிடுவாங்க.
இன்பா அழுவா.

இன்பாவுக்கு இப்போது முப்பது இருக்கும்.

அடுப்பில் பால் வைத்திருந்தேன்.
எழுந்தேன்.