திருத்தம்

ஞாயிறு மலரில் பதினேழாம் பக்கம் என்னுடையது.
ஒரு படம், அறுநூறு சொல்,
அடியில் ஒரு சின்னக் கட்டம்:
எப்படிப் போவது, எவ்வளவு ஆகும், எப்போது மூடுவார்கள்.
கட்டுரையை யார் படித்தார்களோ தெரியாது.
கட்டத்தை மட்டும் கத்தரித்து
பர்சில் மடித்து வைத்துக்கொண்டார்கள்.

ஒருமுறை, பினாங்குக்குப் போய் வந்து எழுதியபோது,
கடைசி ஃபெர்ரி பன்னிரண்டு நாற்பது என்பதை
ஒன்று நாற்பது என்று போட்டுவிட்டேன்.
அச்சுக்கோப்பவர் மேல் பழிபோட வழியில்லை,
என் கையெழுத்திலேயே அந்த ஒன்று
நிமிர்ந்து நின்றது.

பத்தாம் நாள் தைப்பிங்கிலிருந்து கடிதம்.
கி. நல்லையன், டயர் கடை.
தங்கை பிள்ளையைப் பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு
ஒன்று இருபதுக்கு ஜெட்டிக்கு வந்தேன் அம்மா,
கேட்டுக்குப் பூட்டு.
போகத்தான் காசு, திரும்ப இலவசம் என்று
நீங்கள் எழுதியது சரி.
திரும்பத்தான் முடியவில்லை.

அதற்குப் பிறகு நாலு பக்கம்.
எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விளக்குகள்,
எண்ணி முடிப்பதற்குள் மூன்று அணைந்துவிட்டன.
தண்ணீரில் உப்பு வாசம் இல்லை, டீசல்தான்.
காவலாளி ஹாஷிம் பெஞ்சில் பாதியும்
சுருட்டிய நாசி லெமாக்கில் பாதியும் கொடுத்தார்,
சம்பல் முழுவதையும் அவரே வைத்துக்கொண்டார்.
நாலரைக்கு டிக்கெட் கவுண்டருக்கு அடியில்
ஒரு பூனை குட்டி போட்டது. மூன்று.
மூன்றாவது அசையவில்லை.
தாய் அதையும் விடாமல் நக்கிக்கொண்டிருந்தது.
அதற்குள் முதல் ஃபெர்ரி வந்துவிட்டது.
அடுத்த தடவை நேரத்தைச் சரியாகப் போடவும்.
இப்படிக்கு.

ஆசிரியர் படித்தார், சிரித்தார்,
இரண்டு வரிக்கு வெட்டினார்:
திருத்தம். கடைசி ஃபெர்ரி 12.40. தவற்றுக்கு வருந்துகிறோம்.
பூனைக்கு இடமில்லை.
அந்த ஜெட்டியை நான் அதற்குமுன்
எட்டுத் தடவை எழுதியிருந்தேன்,
எட்டுத் தடவையும் சூரியன் மறைந்தது.

இப்போது ஹோட்டல் கூப்பிடுகிறது.
மூன்று இரவு இலவசம், காலைப் பசியாறல் சேர்த்து.
ஒப்பந்தத்தில் ஐந்தாவது விதி: மழை வேண்டாம்.
ஆறாவது: விலை வேண்டாம்.
பெய் லிங் பணிவாகச் சொல்கிறாள்,
நேரம், வழியெல்லாம் போனே சொல்லிவிடும்,
நீங்கள் வீடியோவுக்கு அடியில் ஓட
இருபது சொல் தந்தால் போதும்.

வீடியோ ஷர்வினுடையது. வயது இருபத்து நாலு.
குறை சொல்ல வந்தேன், முடியவில்லை.
வெளிச்சம் சரியில்லையென்று
ஒரே ரிக்‌ஷாவில் நாலு தடவை ஏறி இறங்கினான்,
நாலுக்கும் காசு கொடுத்தான்.
கேமராவை அணைத்த பிறகு, தண்ணீர் குடித்துக்கொண்டே,
வண்டிக்காரரிடம் கேட்டான்:
இந்தப் பூவுக்கும் பாட்டுப்பெட்டிக்கும்
மாசம் எவ்வளவு வாடகை, அங்கிள்?
அவர் சொன்னார்.
இருபது வருஷத்தில் நான் கேட்காத கேள்வி.
நான் குறித்துக்கொள்வதற்குள்
அவன் மறுபடி பொத்தானை அழுத்தி
வணக்கம் மக்களே என்று பூத்தான்.

இருபது சொல்லை லிஃப்டில் எழுதி முடித்தேன்.
நீலம் என்ற சொல் இரண்டு முறை வந்தது.

பன்னிரண்டு ஐம்பது. வெல்ட் கீ.
கடைசி ஃபெர்ரி போய்விட்டதென்று
வழியிலேயே போன் சொல்லிவிட்டது,
யாரும் தவறவிட முடியாதபடி சொல்கிறது.
பெஞ்சு மாற்றிவிட்டார்கள்,
படுக்க முடியாமல் நடுவில் கம்பி.
காவலறையில் நேபாளத்துப் பையன்
யாரிடமோ வீடியோவில் பேசிக்கொண்டிருக்கிறான்,
என்னைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டுகிறான்: மூடியாச்சு.

ஷர்வின் அழைக்கிறான். அக்கா, லொக்கேஷன் போடுங்க.

கைப்பையில் ஹோட்டலின் கடிதத்தாள் இருக்கிறது,
மேலே தங்க நிறத்தில் ஒரு தென்னை.
கடையும் முகவரியும் இருக்குமோ என்னவோ.

அன்புள்ள நல்லையன்,
அந்த மூன்றாவது குட்டி என்ன ஆயிற்றென்று
நீங்கள் எழுதவே இல்லை.