கணக்கு இடிக்கிறது

பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு.
மேசையில் நானூற்றுப் பதினொன்று.

மறுபடி எண்ணினோம்.
வன்தட்டின் முதுகில் இருக்கும் எண்ணை நான் படிக்க
ரிமாந்தாஸ் திருப்பிச் சொல்லி டிக் அடிப்பான்.
டிக் விழாத எதுவும்
எந்திரத்தின் பல்லுக்குள் போகக்கூடாது,
கௌனாஸ் ஊருக்கு வெளியே
பனி கனத்துக் கூரை முனகும்
எங்கள் கொட்டகையின் சட்டம் இது.
இடிக்கத் தயாராய் எந்திரம் நிற்கிறது.
கணக்குத்தான் இடிக்கிறது.

மூடிப்போன காப்பீட்டு அலுவலகம்.
மூன்று மாடிச் சாமான்,
நான்கு நடை லாரி.
லாரியின் மிதியடிக்கு அடியில் பார்த்தோம்.
செத்த மடிக்கணினிகளின் வயிற்றைத் திறந்து பார்த்தோம்.
ஓட்டுநர் சவுலியுஸ் தன் சட்டைப்பையை
நாங்கள் கேட்காமலே வெளியே இழுத்துக் காட்டினார்:
ஒரு சாவி,
இரண்டு இருமல் மிட்டாய்,
அவமானம்.

மேலாளர் தொலைபேசியில் சிரித்தார்.
"ஒன்றுதானே தைவா,
எல்லாம் அழிந்தது என்று சான்றிதழ் எழுதிவிடுங்கள்.
காலையில் தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள்."
பேனா என் கையில்தான் இருந்தது.
பொய் எழுத அதிக மை செலவாகாது.
மூடியைப் போட்டு மூடினேன்.

இரவு ஒன்பது மணிக்கு
ஆறிய காபியை முன்னால் வைத்துக்கொண்டு
ரிமாந்தாஸ் சொன்னான்:
"இந்த எண் மற்றதுபோல் இல்லை,
இரண்டு இலக்கம் குட்டை.
இது கணினியே இல்லை தைவா.
நகல் எந்திரம்."

ஆமாம், நகல் எந்திரத்துக்கும் ஞாபகம் உண்டு.
யாருக்கும் அது ஞாபகம் இல்லை.

பழைய இரும்பென்று அதை
முற்றத்தின் மறுகோடியில்
பக்கத்து வியாபாரியின் கன்டெய்னரில் ஏற்றியிருந்தார்கள்.
விடிந்தால் கிளைப்பேடா துறைமுகம்.
அங்கிருந்து கப்பல் எந்தத் திசை என்று
தாளில் ஒரு வரி இருந்தது,
படிக்கவே முடியாத கையெழுத்தில்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினேன்.
"பயன்படுத்தத் தக்கவை" என்று சீட்டு ஒட்டிய
உடைந்த திரைகள், வீங்கிய பேட்டரிகள்,
ஏதோ ஒரு கரையில் யாரோ ஒரு பையன்
செம்புக்காக எரிக்கப்போகும் வயர்ச் சுருள்கள்.
கன்டெய்னர் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
அந்தச் சண்டை நாளைக்கு.

கடைசியில், கம்பளச் சுருளுக்குப் பின்னால்,
சாம்பல் நிறத்தில், கல்லாய்க் கனத்து, அது.
கண்ணாடியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆறு வருடத்துக்கு முன்
அந்த மூன்றாம் மாடியில் ஈரக் கோட்டோடு நின்றேன்.
என் அல்பினாஸின் இறப்புச் சான்றிதழை
ஒரு பெண் வாங்கி இந்தக் கண்ணாடியில் கவிழ்த்தாள்.
பச்சை வெளிச்சம்
ஓரம் தொட்டு ஓரம் ஓடியது.
"இந்தாருங்கள்" என்று தாளை நீட்டினாள்.
எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிட்டாள் என்றுதான்
இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

உள்ளே இருப்பதைப் பார்க்கக்கூடாது. அதுவும் சட்டம்.
நான்கு திருகாணி.
உள்ளங்கை அளவு தகடு.
எத்தனை பேரின் பாஸ்போர்ட் முகம்,
எத்தனை சிறுநீரகம், எத்தனை கடன்,
கிறிஸ்துமஸ் விருந்தன்று எவனோ
வேடிக்கைக்குப் பதித்த கை,
அப்புறம் அல்பினாஸ்,
மருத்துவரின் கோணல் எழுத்தில்.
எண்ணை உரக்கப் படித்தேன்.
ரிமாந்தாஸ் திருப்பிச் சொன்னான்.
என் குரல் ஏன் உள்வாங்கியது என்று கேட்கவில்லை.

பற்கள் கடித்தன.
சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாய்
தட்டில் மினுங்கல் உதிர்ந்தது.
அலுமினியம் ஒரு பக்கம், காந்தம் ஒரு பக்கம்,
பச்சைப் பலகையில் துளித் தங்கம், அது உலைக்குப் போகும்.
மீதிக்கு எடைச்சீட்டில் இடமில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு.
மணி பதினொன்று நாற்பது என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.
வெளியே வந்தபோது
ரிமாந்தாஸ் அந்த வெற்று எந்திரத்தின் கண்ணாடியைச்
சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தான்.
நாளை உடைக்கப்போகும் கண்ணாடி.
எதற்கு என்று நானும் கேட்கவில்லை.