ஓட்டுக் கேட்டவர்

தேர்தல் தேதி சொன்ன சாயங்காலம்
குடியாத்தம் நகராட்சியில் எங்களிடம்
காடாத் துணியும் சணல் கயிறும் கொடுத்தார்கள்.
நாலு பேர், ஒரு ஏணி, ஒரு மினி வேன்.
ஊரில் மொத்தம் பதினோரு சிலை.
பத்துப் பேரை முன்னமே மூடியிருக்கிறேன்.
யாருக்கு எத்தனை மீட்டர் என்று கைக்குத் தெரியும்:
நீட்டிய விரலுக்குத் தனியாக ஒரு முழம்,
மூக்குக் கண்ணாடிக்கு ஒன்றும் வேண்டாம்.

பதினோராவது புதுசு.
கவுண்டன்யா ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
திறந்து மூன்று மாதம்,
இரும்புக் கூண்டுகூட இன்னும் வரவில்லை.
பூங்காவனத்தம்மாள்.

போட்டோ கிடைக்கவில்லையாம்.
கிடைத்தது ஒரே காகிதம், சர்க்காருக்குப் போட்ட மனு:
'வீட்டு வரி கட்டுகிறேன். தண்ணீர் வரி கட்டுகிறேன்.
பொம்பளைப் பணம் என்று
உங்கள் பில் கலெக்டர் ஒருநாளும்
திருப்பிக் கொடுத்ததில்லை.'
கீழே, தறி வீடு தறி வீடாக ஏறி வாங்கிய
நூற்றிப் பதினேழு பெருவிரல் ரேகை.
முதல் ரேகை அவருடையது.

விரலை வைத்து முகம் செய்வது எப்படி
என்று ஸ்தபதி கேட்டிருக்கிறார்.
மகாலட்சுமி மாதிரி செய்யுங்கள் என்றார் ஒருத்தர்.
கையில் புத்தகம் கொடுங்கள் என்றார் இன்னொருத்தர்.
அவருக்குப் படிக்கத் தெரியாதே என்றாள்
தீப்பெட்டிக் கம்பெனி நவநீதம்,
கமிட்டியில் இருந்த ஒரே பெண்.
கடைசியில் வந்தது,
ஆம்பூர் பஸ்ஸில் இடம் கிடைக்காமல்
கம்பியைப் பிடித்து நிற்கிற யாரோ ஒருத்தியின் முகம்.
வலது கையில் பெருவிரல் மட்டும் விலகி,
அமுக்கக் காகிதம் தேடுகிற மாதிரி.

கடைக்காரர்கள் மனு கொடுத்துப் பார்த்தார்கள்,
வியாபாரம் மறைக்கிறது என்று.
வைகாசியில் அம்மன் சிரசு வந்தால்
ஒரு பெண்ணின் தலையைத் தூக்கிக்கொண்டு
ஊரே ஓடும்.
உடம்போடு ஒருத்தி தெருமுனையில்
சும்மா நிற்பதுதான் பழக்கமில்லை.

'இந்தம்மா எந்தக் கட்சி?' என்றார் மேஸ்திரி.
யாருக்கும் தெரியவில்லை. மேலிடத்துக்குப் போன் போட்டார்.
பீடத்தில் என்ன எழுதியிருக்கிறது, படி.
டார்ச் அடித்துப் படித்தேன்:
பெண்களுக்கு ஓட்டுக் கேட்டவர்.
'ஓட்டுக் கேட்டவரா? அப்புறம் என்ன, மூடு.'
சார், இது அந்தக் கேட்கிறது இல்லை
என்று நான் சொல்வதற்குள்
போன் வைத்தாயிற்று.

பொம்பளைச் சிலை, நீயே ஏறும்மா என்றார்கள்.
மூன்று ஆம்பளைகள் ஏணியைப் பிடித்துக்கொண்டு
பாலத்தைப் பார்த்து நின்றார்கள்.
பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரம் ஆகியும்
வெண்கலம் காய்ச்சல்காரி நெற்றிபோல் கொதித்தது.
தலையில் போட்டு, தோளில் சுற்றி,
இடுப்பில் கயிறு.
மூச்சு முட்டுமோ என்று ஒரு நொடி
மூக்குக்கிட்டே துணியைத் தளர்த்தினேன்.
பிறகு எனக்கே சிரிப்பு வந்தது.
வலது கைப்பக்கம் வெகுநேரம் ஆனது.
என்னம்மா பண்றே என்றார் மேஸ்திரி.
முடிச்சு என்றேன்.

ஓட்டுப்பதிவு அன்று பள்ளிக்கூட வரிசையில்
ஒன்றேகால் மணி நேரம்.
பட்டியலில் விரல் ஓட்டினவர் என் பேரை விட்டு
புருஷன் பேரைச் சத்தமாக வாசித்தார்.
செத்து ஆறு வருஷம் ஆகிறது அந்த ஆளுக்கு.
மை காயாத விரலோடு பாலம் வழியே வந்தேன்.
காடாத் துணியின் நிழலில்
பஸ்ஸுக்கு நாலைந்து பெண்கள்.
ஒருத்தியின் பையன் அண்ணாந்து கேட்டான்,
உள்ளே யாரும்மா?
தெரியலடா, வெயில்ல நிக்காதே.

எண்ணி முடித்த மறுநாள் அவிழ்த்தோம்.
ஸ்டோர் கீப்பர் துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.
பத்து சரி. பதினோராவதில்
பெருவிரல் நுழையும் அளவு.
'ஓட்டை எப்படி விழுந்தது?' என்றார்.
காற்று என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.