மிச்சக் காசு

ஆயிரம் ரூபாய்த் தாளுக்கு
"மாரு நே, மிஸ்" என்றான் கொண்டக்டர்.
டிக்கெட்டின் முதுகில் பேனையால்
தொள்ளாயிரத்து இருபது.

கல்கிசையில் என் கைப்பை
யாருடைய மடிக்கோ போய்விட்டது.
தெஹிவளை மேம்பாலத்தில்
நூறாம் நம்பர் பஸ் மூச்சு வாங்குகிறது.
ஒழுங்கை முடிகிற இடத்தில் கடல்,
ஒரு விரல் அகலம்.
அதையும் மறைத்துக்கொண்டு
கதவெல்லாம் கால்களாய்
கோச்சி முந்திப் போகிறது.

வெள்ளவத்தையில் பிதுங்கி இறங்கி
மருந்துக்கடை ஷட்டரைத் தூக்கும்போதுதான்
காசு ஞாபகம்.

பின்னேரம் ஆறரை.
எதிர்ப்பக்கம் அதே பஸ்,
மறுபடி புறக்கோட்டை நோக்கி.
நடுவில் ஹோர்ன்கள், ஒரு அம்புலன்ஸ், தூறல்.
மிதிபலகையில் தொங்கியபடி
என்னைக் கண்டுகொண்டான்.
விரலிடுக்கு நோட்டுகளை உயர்த்திக் காட்டி
"ஹெட்ட, மிஸ், ஹெட்ட!"

நாளைக்கு எனக்கு லீவு.