மலை நிற்கட்டும்

போன மாதக் கணக்கு வந்தது.
பினாங்கில் எங்களைக் கேட்டவர்கள் முப்பத்தொரு பேர்.
அதில் நான்கு பேர் நாங்களே.
ஐந்தாவது, தாஷினியின் தம்பி.
தடவைக்கு ஐம்பது காசு என்று பேச்சு,
இன்னும் கொடுக்கவில்லை.

ஊட்ச் என்றொரு ஊர்.
எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் பேச்சுவார்த்தை இல்லாத பெயர்.
போலந்தில் இருக்கிறதாம்.
அங்கே நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

யுகனேஸ் விரலை வைத்து இலக்கங்களை எண்ணினான்.
ரோபோவாக இருக்கும் என்றான் ஹோக் செங்.
டிரம் மெஷின் அவன் பொறுப்பு.
ரோபோக்களின் ரசனை மேல் அவனுக்கு மரியாதை உண்டு.

அந்தப் பாட்டு கிடைத்தது பிறையில்,
மேம்பாலத்துக்குக் கீழே.
மோட்டார் சைக்கிளோடு ஒதுங்கிய இருபது முப்பது பேர்,
மழையங்கி போட்டும் நனைந்தவர்கள்.
டெலிவரிப் பையன் ஒருவன்
யாருடைய நாசி கண்டாரோ, சூடு இருக்கிறதா என்று
பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.
தாஷினி போனில் யாரிடமோ சொன்னாள்:
மழை நிக்கட்டும், நான் வரேன்.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது, என் பழக்கம் அது.
வீட்டில் அந்த ஏழு வினாடியை நறுக்கி
சிந்தசைசருக்குள் கொட்டினேன்.
லாரி அடித்தளம் ஆனது.
தண்ணீர் ஜால்ராவானது.
நான்கு சொல் அப்படியே பல்லவி.

ஆர்மீனியன் தெரு மாடியில் முதல் நிகழ்ச்சி.
பதினோரு பேர்,
இரண்டு பேர் வைஃபைக்கு வந்தவர்கள்.
ஒருவர் எழுந்து வந்து பணிவாகக் கேட்டார்,
தம்பி, குத்துப் பாட்டு ஒன்னு இருக்கா?
இன்னொருவர்: இது பாட்டா, ரிப்பேரா?
நியாயமான கேள்வி.
கேபிள் உண்மையிலேயே ரிப்பேர்.

பாயான் லெப்பாசில் எனக்கு மூன்றாம் ஷிஃப்ட்.
தூசு புகாத அறை,
உச்சந்தலை முதல் பாதம்வரை வெள்ளை உடை,
கண் மட்டும் வெளியே, போன் லாக்கருக்குள்.
விடிகாலை மூன்றரை இடைவேளையில்
முகமூடித் தடம் மறையாத கன்னத்தோடு திறந்தேன்.
ஒரு காணொளி.

பழைய நூற்பாலை, இப்போது மதுக்கூடம்.
யாரோ ஒருத்தி எங்கள் பாட்டைப் போட்டிருக்கிறாள்.
கோட்டும் கம்பளித் தொப்பியுமாக முந்நூறு பேர்.
பல்லவி வருகிறது,
வாயிலிருந்து புகை புகையாக அவர்கள் பாடுகிறார்கள்:

மலை நிக்கட்டும், நான் வரேன்.

மலை.

சிரிக்கத்தான் போனேன்.
பாதியில் நின்றது.
எங்கள் நாக்கில் மட்டும் ழகரம் குடியிருந்ததா என்ன?
பாலத்தடியில் தாஷினி சொன்னதே 'மள'தான்,
பதிவில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஆனால் பாருங்கள், வரி உடையவில்லை.
நின்றுபோனால்தான் மழைக்கு நிற்பது.
மலைக்கோ
நிற்பதுதான் முழுநேர வேலை.
ஓயட்டும் என்று நாங்கள் அனுப்பினோம்.
இருக்கட்டும் என்று
முந்நூறு பேர் கைதூக்கிக் கேட்கிறார்கள்.

நூடுல்ஸ் ஆறிக் கட்டியானது.
ஓரத்தில் ஒரு வழுக்கைத் தலைக்காரர், கண்ணை மூடிக்கொண்டு
'வரேன்' என்பதை மட்டும்
பட்டர்வொர்த் பஸ் நிலையத்தில் வளர்ந்தவர் மாதிரி சொன்னார்.
நான்கு தடவை பார்த்தேன்.
எங்கே வருகிறேன் என்கிறார்?

மார்ச்சில் அழைத்திருக்கிறார்கள்.
டிக்கெட்டில் பாதி அவர்களுடையது.
மீதிக்கு யுகனேஸ் இரண்டாவது கிடாரை விற்கப் போட்டான்.
ஹோக் செங்கின் அப்பா கணக்குப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து,
சீனப் பையன் அடிக்க, தமிழ்ப் பெண் பாட,
போலந்துக்காரன் காசு கொடுப்பானா என்றார்.
கொடுப்பான் போலிருக்கிறது, பா.

விடுப்புப் பாரத்தில் காரணம் என்று ஒரு கட்டம்,
பெருவிரல் அகலம்.
ஒரு கல்யாணம் அல்லது ஒரு சாவு பிடிக்கும்.
மலாயில் ஒரே சொல் எழுதினேன்:
குனோங்.

புவான் ரொஹாயா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
மலையா? கினபாலுவா?
ஏறக்குறைய, என்றேன்.
கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.
தடிச்ச ஜாக்கெட் எடுத்துட்டுப் போ,
மேலே குளிரும்.